கல்லும் பூச்சியும் கற்பிக்கும் பாடம்

(அண்மை ஒளிப்படக் கலை பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று இளைஞர் பலரிடம் ஒளிப்படக் கருவி இருக்கிறது. கருவி இல்லாதவர் கையிலும் அலைபேசி இருக்கிறது. திருமணத்தையும் திருவிழாவையும் படம்பிடித்துப் பழகிய அவர்களுள் சிலர், சிறு பொருள்களை மிக அருகில் நெருங்கிப் படமெடுக்கும் கலையில் நாட்டம் கொள்கின்றனர். மேக்ரோ ஒளிப்படம் என வழங்கும் இக்கலையைத் தொடங்குவோர்க்கு இவ்விரு மாவட்டங்களும் நல்ல பள்ளிக்கூடங்கள். இங்கே ஆசிரியர் இருவர் உளர். ஒருவர் அசையாத கல். மற்றவர் அசையும் பூச்சி.

முதலில் கலையின் இலக்கணம். ஒரு பொருளின் அளவும், கருவியின் உணர்வித் தகட்டில் விழும் அதன் பிம்பத்தின் அளவும் சமமாக இருப்பின் அதனை ஒன்றுக்கு ஒன்று என்பர். 1 சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டு, தகட்டிலும் 1 சென்டிமீட்டர் நீளத்திலேயே விழும். அப்படத்தைத் தாளில் பெரிதாக்கினால், கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கால்களும் தெரியவரும்.

இந்நெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. முழுச்சட்ட அளவுள்ள கருவியில், ஒன்றுக்கு ஒன்று என்னும் நிலையில், வில்லையின் துளையை எஃப் 8 என வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். வண்டின் கண் தெளிந்தால் கால் மங்கும். கால் தெளிந்தால் கண் மங்கும். துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் எஃப் 22 வரை சுருக்கினால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுதும் மென்மையாகி, நுண்மை கெடும். ஆகவே தொடங்குவோர் எஃப் 8 முதல் 11 வரையில் நிற்பது நன்று. மூச்சுவிடும்போது உடல் அசையும் சிறு அசைவே குவியத்தை மாற்றிவிடும் என்பதால் முக்காலி உதவும். முக்காலி இன்றேல் முழங்கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். குவியத்தைக் கையால் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு வரும் நொடியில் பொத்தானை அழுத்துவதே பலரும் கைக்கொள்ளும் முறை.

இப்பயிற்சியைக் கல்லிலிருந்து தொடங்குவது எளிது. கல் பறந்து போவதில்லை. சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும், இருவாய்ச் சிப்பிகளும், கடல் முள்ளெலிகளும் சுண்ணாம்புப் பாறைகளில் கல்லாகிக் கிடக்கின்றன. காரைச் சிற்றூரை அடுத்த களிமண் ஓடைப்பள்ளங்களில், கணவாயின் உறவான பெலம்னைட்டின் உடற்பகுதி துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவில் காணப்படும். சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் அதனை உலகறியச் செய்தார்.

இக்கற்களிடம் மாணவர் கற்பது ஒளியின் பாடம். உச்சி வெயிலில் எடுத்தால் அம்மோனைட்டின் வரிகள் தட்டையாகத் தோன்றும். காலை ஏழு மணிக்குச் சாய்ந்து வரும் ஒளியில் எடுத்தால் ஒவ்வொரு வரியும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம் என இரண்டு எடுக்க வேண்டும். அளவு தெரியாத படம் அழகாக இருக்கலாம், ஆவணம் ஆகாது.

அத்தகைய ஆவணத்தின் அருமையை அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு உணர்த்துகிறது. அங்கே கிடைத்த மிகப் பெரிய தொன்மாவின் எலும்புகளுக்கு, யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு, 1989-இல் விரிவாக வெளியிட்டனர். பின்னர் அவ்வெலும்புகள் நொறுங்கி அழிந்துபோயின. உலகின் மாபெரும் விலங்குகளுள் ஒன்றாக எண்ணப்படும் அவ்வுயிருக்கு இன்று சான்றாக எஞ்சியவை வரைபடங்களும், அந்நாளில் எடுத்த ஒளிப்படங்களுமே. அதுவரை வெளிவராத சில படங்கள் 2022-இல் வெளியானபோது அறிஞர் உலகம் மீண்டும் அதனைப் பேசத் தொடங்கியது. எலும்பு அழிந்தது, படம் சான்றளித்தது.

ஆதலின், சிப்பிக் கல்லைக் கண்டவுடன் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் கைவிடத்தக்கது. ஒரு கல் எந்த அடுக்கில், எந்தத் திசையில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு உள்ளது. வீட்டு அலமாரிக்கு வந்த கல் ஊமையாகிவிடுகிறது. கிடந்த இடத்திலேயே விட்டுப் படத்தை மட்டும் எடுத்துச் சென்றால், அடுத்து வருபவர்க்கும் அக்கல் பேசும்.

கல்லிடம் கை பழகியபின் பூச்சியிடம் செல்லலாம். பருத்திச் செடியின் இலையைப் புரட்டிப் பார்த்தால் அடியில் அசுவினிக் கூட்டம் இருக்கும். அவற்றினிடையே கறுத்து, முள் போன்ற உடலுடன் ஒரு புழு ஊர்ந்தால், அதனையும் பயிரின் பகையென்றே பலர் எண்ணுவர். அண்மைப் படத்தில் அது அசுவினியை வாயில் கவ்வியிருப்பது தெரியும். அது பொறிவண்டின் இளம்புழு, உழவரின் நண்பன். இவ்வொரு படத்தைக் கண்ட உழவர், மருந்து தெளிக்குமுன் ஒருமுறை இலையைப் புரட்டிப் பார்ப்பார்.

பூச்சியை எடுக்க விடியற்காலையே ஏற்றது. குளிர்ந்த வேளையில் தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் பனித்துளியோடு அசையாமல் அமர்ந்திருக்கும். நிழல் மேலே விழாமல், காற்றின் போக்கறிந்து, மெல்ல நெருங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் வில்லை கொண்டவர், பூச்சிக்கும் வில்லையின் முகப்புக்கும் இடையே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எடுக்க இயலும். மின்னொளியின் முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் வண்டின் முதுகில் கண்கூசும் வெள்ளைப் புள்ளி விழாது.

இங்கேதான் கலை தன் அறத்தைச் சந்திக்கிறது. பூச்சி அசையாதிருக்க வேண்டுமென்று அதனைக் குளிர்பெட்டியில் வைப்போரும், பசையால் ஒட்டுவோரும், கொன்றபின் உயிருள்ளதுபோல் அமர்த்துவோரும் உலகில் உளர். படம் அப்பழுக்கின்றி இருக்கும். ஆனால் அது கூறுவது பொய். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் வரிசையில் வகுத்து, சிப்பி இனத்தை ஈரறிவிலும் எறும்பை மூவறிவிலும் தும்பியை நாலறிவிலும் வைத்தது. சமண நெறியும் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஓரறிவுயிர்க்கும் இன்னல் தகாதென்றது. அமருமிடத்துச் சிற்றுயிர்களை ஊறின்றி விலக்கத் திகம்பர முனிவர் மயிற்பீலி ஏந்தினர். ஒளிப்படக் கருவி ஏந்துவோர்க்கும் அம்மென்மை வேண்டும். கூட்டைப் பிரித்து முட்டையை எடுக்க வேண்டுமாயின் அப்படம் வேண்டா. தும்பி எழுந்து பறந்தால் மறுநாள் விடியலில் மீண்டும் வரலாம்.

தொடங்குவோர் விலையுயர்ந்த வில்லைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கைவசமுள்ள வில்லைக்கும் கருவிக்கும் இடையே பொருத்தும் இணைப்புக் குழாயோ, அலைபேசியில் மாட்டும் சிறு வில்லையோ முதலாண்டுக்குப் போதும். ஒரே செடியை, ஒரே கல்லை, ஒரு மாதம் நாள்தோறும் எடுத்துப் பார்ப்பவர், ஓராயிரம் இடங்களில் அலைந்தவரினும் மிகுதியாகக் கற்பார்.

அருகில் செல்லுதல் என்பது கைப்பற்றுதல் அன்று. கல்லைக் கிடந்த இடத்தில் விட்டும், பூச்சியை அதன் போக்கில் விட்டும், கண்டதை மட்டும் கொண்டு திரும்புவோர் இம்மண்ணில் பெருகுவராக.