வாசிக்கும் முன் உட்காருவோம்



பியானோ, கீபோர்டு ஆகிய கருவிகளை வாசிப்பவர் எந்த உயரத்தில், எப்படி அமர வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். உட்காருவதற்குக்கூடப் பாடமா என்று சிலர் கேட்கலாம். உட்காரும் விதம் சரியில்லாமல் மணிக்கட்டும் தோளும் வலித்து, பயிற்சி என்றாலே ஒதுங்கி, கடைசியில் "இவனுக்கு இசை வராது" என்று பெயர் வாங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. பல வேளைகளில் குறை பிள்ளையிடம் இல்லை. அவன் உட்காரும் நாற்காலியில்தான் இருக்கிறது.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில், ரந்தாவ் பக்கமானாலும் பகாவ் பக்கமானாலும், நம்மவர்கள் நன்கு அறிந்த கருவி ஆர்மோனியம். கோயில் பஜனையில் பாய் விரித்து, சம்மணமிட்டு அமர்ந்து வாசிப்பார்கள். ஆனால், அந்தக் கருவி முதலில் தரைக்கென்று செய்யப்பட்டதன்று. பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியத்தை நாற்காலியில் அமர்ந்து, காலால் துருத்தியை மிதித்து வாசிக்க வேண்டும். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875இல் கைத்துருத்தி வைத்த ஆர்மோனியத்தைச் செய்தார். ஒரு கை காற்றடிக்க, மறு கை வாசிக்கும் இந்த முறை, தரையில் அமர்ந்து பாடும் நம் வழக்கத்துக்கு நன்றாகப் பொருந்தியது.

பியானோவின் இயல்பு வேறு. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோபோரி என்பவர் அதை உருவாக்கினார். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். மெல்லத் தட்டினால் மெல்லிய ஓசை. வேகமாகத் தட்டினால் பெரிய ஓசை. ஆகவே விரல் மட்டும் போதாது. கையின் பாரமும் தோளின் தளர்வும் வேண்டும். 88 கட்டைகளின் நீளம் சுமார் 120 சென்டிமீட்டர். இரண்டு கைகளும் அதன் மீது தடையின்றி நகர வேண்டும். இதற்கு முதுகு நிமிர்ந்து, கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. பலர் சிரம்பான், நீலாய் போன்ற ஊர்களில் குடியேறிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு கீபோர்டு வாங்கிச் சாப்பாட்டு மேசையின் மேல் வைத்துவிடுகிறோம். இங்கேதான் தவறு தொடங்குகிறது. பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து சுமார் 72 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மேசையின் உயரமே ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். அதன் மேல் கீபோர்டை வைத்தால் கட்டைகள் 80ஐத் தாண்டிவிடும். பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கிறது. வலி வராமல் என்ன செய்யும்?

சரியான உயரத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிள்ளையை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். மேற்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். இருக்கையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். கட்டைகளின் உயரத்திலிருந்து அந்த அளவைக் கழித்தால் இருக்கையின் உயரம் கிடைக்கும். முழங்கை 18 சென்டிமீட்டர், கட்டை 72 என்றால், இருக்கை 54 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நாற்காலி 44தான் என்றால், மேலே 10 சென்டிமீட்டருக்குப் பலகை போடுங்கள். தலையணை வேண்டாம், அது அமுங்கிவிடும். கால் எட்டாவிட்டால் அடியில் ஒரு பெட்டியை வையுங்கள். கீபோர்டையும் மேசையிலிருந்து இறக்கித் தாழ்வான தாங்கியில் வையுங்கள். இருக்கையின் முன்பாதியில் அமர்ந்தால் போதும். பின்னால் சாய வேண்டியதில்லை.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. வெட்டும் இடம் தாழ்ந்திருந்தால் இடுப்பும், உயர்ந்திருந்தால் தோளும் படும் பாட்டை அவர்கள் அறிவார்கள். கையில் உளி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், உயரம் ஒத்துவராவிட்டால் உடம்புதான் விலை கொடுக்கும்.

விலையுயர்ந்த இருக்கை கட்டாயமா? இல்லை. கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட், தம் தந்தை 1953இல் கால்களைக் குறைத்துக் கொடுத்த ஒரு சாதாரண மடக்கு நாற்காலியில்தான் 1982இல் மறையும் வரை வாசித்தார். அதன் உயரம் 14 அங்குலமே. அவ்வளவு தாழ்வு எல்லாருக்கும் ஏற்றதன்று. எனினும், வாசிப்பவரின் உடம்புக்கேற்ப இருக்கையைத் திருத்தலாம் என்பதை அது காட்டுகிறது.

நம் ஊரில் மரத்துக்கும் குறைவில்லை. பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் எரிந்தது. பூச்சி அரிக்காமல் மருந்தூட்டி, சூளையில் உலர்த்தும் முறை வந்தபின், அதே மரம் மேசை நாற்காலியாக உலக நாடுகளுக்குப் போகிறது. அந்தப் பலகையில் ஒரு துண்டு போதும், ஒரு பிள்ளையின் இருக்கையை உயர்த்த. பிள்ளை வளர வளர ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் அளந்து பாருங்கள்.

பிள்ளைக்கு இசை வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்லுமுன், ஓர் அளவுநாடாவைக் கையில் எடுங்கள்.