மணிலாவில் நான்கு நாட்களும் 26 பேசோ கடனும்

(நமது குடியிருப்பு மூத்தோர் குழுவின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மணிலா போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்ன செயலாளர் சார், பத்து நிமிஷம்தான் என்றும் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். கணக்குத் தாண்டாது, பயப்பட வேண்டாம்.

பிலிப்பைன்ஸுக்கு ஏன் போனீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் என் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மணிலாதான் சொந்த ஊர். நாங்கள் மகளிடம் போயிருந்தபோது, "நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம், எங்கள் ஊரையும் ஒரு தடவை பாருங்கள் மேடம்" என்றாள். கூடவே தன் மகனுக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்தனுப்பினாள். அந்த ஷூதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது என்று சொல்ல வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜூன் முதல் இந்தியர்களுக்கு 14 நாள் வரை சுற்றுலா விசா தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஆன்லைனில் 'இ-ட்ராவல்' பதிவும் உண்டு. விதிகள் மாறலாம், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையிலேயே ஜீப்னியில் ஏறினோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு உருவாக்கிய வண்டி அது. பின்பக்கம் ஏறி, இரண்டு பக்கமும் நீளமான பெஞ்சில் எதிரெதிரே உட்கார வேண்டும். கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் "பயாத் போ" என்று காசை நீட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். அப்படியே கை மாறி டிரைவரிடம் போகும். அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மீதியை எண்ணிக் கொடுப்பார், அதுவும் அதே வழியில் திரும்பி வரும். ரசீது இல்லை, டேலி இல்லை. ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாத வேலையில் இருந்த எனக்கு அதைப் பார்க்க வியப்பாக இருந்தது.

என் கணவருக்கு மட்டும் கோபம். "என்ன எல்லாரும் 'போ, போ' என்று விரட்டுகிறார்கள்?" என்றார். 'போ' என்றால் அங்கே மரியாதை, நம் 'ங்க' மாதிரி. 'பயாத் போ' என்றால் 'காசு இந்தாங்க'. இறங்க வேண்டுமானால் 'பாரா போ', 'நிறுத்துங்க'.

எங்கள் இருவருக்கும் சேர்த்து 26 பேசோ. ஒரு பேசோ ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். ஏர்போர்ட்டில் மாற்றிய 500 பேசோ நோட்டை நான் நீட்டினேன். நோட்டு பெருமையாக முன்னால் போய், அதே வேகத்தில் திரும்பி வந்தது. டிரைவர் தலைக்கு மேல் இருந்த அட்டையைக் காட்டினார். 'காலையில் சில்லறை மட்டும்' என்று அர்த்தமாம். கவுண்டரில் இருந்தபோது நான் எத்தனை பேரிடம் சில்லறை கேட்டிருப்பேன்! எதிரே கல்லூரிப் பையோடு இருந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே எங்கள் காசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். 500 பேசோ நோட்டை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் இடம் வந்து இறங்கிவிட்டாள்.

இந்தப் பழைய ஜீப்னிகளை மாற்றிப் புதிய வண்டி கொண்டுவர 2017 முதல் அரசு முயல்கிறது. புதிய வண்டி ஒன்று 20 லட்சம் பேசோவுக்கு மேல். அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று டிரைவர்கள் பல தடவை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். புகையைப் பார்த்தால் அரசு சொல்வதும் நியாயம், தவணையைக் கணக்குப் போட்டால் டிரைவர் சொல்வதும் நியாயம்.

மறுநாள் இந்த்ராமுரோஸ். ஸ்பானியர்கள் கட்டிய கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய நகரம். அங்கே சாந்தியாகோ கோட்டையில்தான் ஹோசே ரிசாலைச் சிறை வைத்திருந்தார்கள். கண் மருத்துவர், நாவலாசிரியர். 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது 35. அவர் கடைசியாக நடந்து போன வழியில் வெண்கலத்தில் காலடிகள் பதித்திருக்கிறார்கள். சத்தம் போட்டு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடத்தில் காலடியை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்கள். 1945இல் ஜப்பானியர்களிடமிருந்து நகரை மீட்க நடந்த போரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்ததாகச் சொல்கிறார்கள். இந்த்ராமுரோஸே தரைமட்டமானது. தப்பி நின்ற ஒரே தேவாலயம் 1607இல் கட்டி முடித்த சான் அகஸ்டின்.

சாப்பாடு சைவர்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான். ஆனால் அரிசிச் சோறு எங்கும் உண்டு. காலையில் தெருவில் 'தஹோ' விற்பவர் இரண்டு அலுமினிய வாளிகளைத் தோளில் காவடி மாதிரி தூக்கி வருவார். மெத்தென்ற சோயா தயிர், வெல்லப்பாகு, ஜவ்வரிசி. நான்கு நாளும் எங்களுக்கு அதுதான் காலை உணவு. பலாச்சுளை வைத்துப் பொரித்த வாழைப்பழச் சுருள் இன்னொன்று, பெயர் 'துரோன்'.

மூன்றாம் நாள் ஷூவைக் கொடுக்கக் கெசோன் சிட்டிக்குப் போனோம். எட்ஸா என்ற பெரிய சாலை வழியாக. 1986 பிப்ரவரியில் மக்கள் லட்சக்கணக்கில் திரண்டு நின்று மார்கோஸ் ஆட்சியை முடித்தது அந்தச் சாலையில்தான். நாங்களும் அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றோம், டிராபிக்கில்.

வீடு ஒரு சந்துக்குள். முன்பக்கமே கம்பி வலை போட்ட பெட்டிக்கடை. அதற்குப் பெயர் 'சாரி-சாரி' கடை, 'பலதரப்பட்ட' என்று பொருள். ஷாம்பு ஒரு பாக்கெட், எண்ணெய் கொஞ்சம், பூண்டு ஒன்றே ஒன்று என்று சில்லறையாக விற்பார்கள். 'கடன் கிடையாது' என்று பலகை, பலகைக்குக் கீழே கடன் நோட்டு. பாட்டிதான் கடையை நடத்துகிறார். பேரனுக்குப் பதினோரு வயது. எங்களைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பெரியவர்களிடம் அவர்கள் ஆசி வாங்கும் முறை அது.

ஷூவைப் போட்டுப் பார்த்தான். பிடித்தது. பாட்டி அவன் கால் நுனியை அழுத்திப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அம்மா வாங்கியது போன விடுமுறையில் பார்த்த காலின் அளவு. அவன் கழற்றவில்லை. "சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றான். பிறகு என் பேரன் பெயரைச் சொல்லி, "அவனுக்கு இருமல் சரியாகிவிட்டதா?" என்று கேட்டான். தினமும் வீடியோவில் அம்மா பேசும்போது பின்னால் இருமல் சத்தம் கேட்குமாம்.

எனக்குப் பதில் வரவில்லை. 2023இல் மட்டும் வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,300 கோடி டாலருக்கு மேல். அவர்களை 'புதிய வீரர்கள்' என்று அரசே புகழ்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் டிராஃப்டுகளை நானும் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். வரவு வைத்தால் என் வேலை முடிந்தது. அந்தத் தொகைக்குப் பற்றுப் பக்கம் ஒரு பையன் இருப்பான் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அவர்கள் மொழியில் 'உத்தாங்' என்றால் கடன். 'உத்தாங் நா லோப்' என்றால் உள்ளத்துக் கடன், காசால் தீராத நன்றிக்கடன். ஜீப்னியில் அந்தப் பெண்ணுக்கு நான் தர வேண்டிய 26 பேசோவை எங்கேயாவது ஒரு பஸ்ஸில் யாருக்காவது டிக்கெட் எடுத்துத் தீர்த்துவிடலாம். இந்தப் பையனுக்கு உரிய கணக்கை எதில் எழுதுவது?

திரும்பி வந்ததும் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்று இருந்த அந்தப் பெண்ணின் ஊர் விடுமுறையை வருஷத்துக்கு ஒரு முறை என்று மாற்று, டிக்கெட் செலவு என் பென்ஷனிலிருந்து என்றேன். மகள் ஒப்புக்கொண்டாள். வரும் டிசம்பரில் அவள் ஊருக்குப் போகிறாள். அந்தப் பத்து நாளும் பேரனை நாங்கள் பார்த்துக்கொள்வோம், அதனால் டிசம்பர் கூட்டத்துக்கு வர முடியாது.

நம் வீடுகளிலும் காலை ஆறரைக்குத் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பத்து நிமிஷம் முடிந்துவிட்டது.