பெரியண்ணனும் சின்னண்ணனும் எழுப்பிய ஜெபாலயம்
(ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் கொடுக்கப்பட்ட உரை)



கல்லாவியில் எழும்பவிருக்கும் முதியோர் இல்லத்தின் வரைபடத்தைப் பற்றிப் பேசவே உங்கள்முன் நிற்கிறோம். முதலில் நம் கைக்கு வந்த படத்தில் கூரிய வளைவுகள், உயர்ந்த முகப்பு, நீண்ட ஜன்னல்கள் இருந்தன. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி உயிர்பெற்ற காதிக் பாணி அது. 1924-ல் பிரதிஷ்டையான மேதக் பேராலயத்தைக் கண்டவர்கள் அதன் அழகை அறிவார்கள். ஆனாலும், ஒப்புதல் தருமுன் ஊத்தங்கரை வழியாகத் திருப்பத்தூர் போய் வரத் தீர்மானித்தோம்.

அங்கே கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. 1921-ல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ஏர்னஸ்ட் பேட்டனும் தொடங்கியது. இருவரும் மருத்துவர்கள், மணம் செய்யாதவர்கள். வெள்ளையர் ஒருபடி மேல், இந்தியர் ஒருபடி கீழ் என்றிருந்த அந்நாளில், இந்தியர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டார்கள்! செல்வக் குடும்பத்தில் பிறந்த சின்னண்ணன் கதர் உடுத்தினார். 1932-ல் சென்னையில் அவரைப் போலீசார் அடித்தது இங்கிலாந்துப் பாராளுமன்றம்வரை பேசப்பட்டது.

நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே அவர்கள் ஒரு ஜெபாலயமும் எழுப்பினார்கள். நுழைவில் கோபுரம், உள்ளே தூண்கள் தாங்கும் மண்டபம். பல்லவர், சோழர் நாள் தொட்டு வந்த திராவிடக் கட்டடக்கலை. சிலைகள் மட்டும் இல்லை, சிலுவை இருக்கிறது. காலணியை வெளியே விட்டுத் தரையில் அமர்ந்து ஜெபிக்கலாம். இதுவும் பழம்பாணியின் மறுபிறப்புதான். ஆனால் நம் ஊர்ப் பழமை. பேராயர் அசரியாவின் தோர்ணக்கல் பேராலயமும் (1939) இதே எண்ணத்தில் பிறந்தது.

“கோயில்போல் இருக்கிறதே” என்று முகம் சுளிக்கும் விசுவாசிகள் இன்றும் உண்டு. அவர்கள் தயக்கத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கூரிய வளைவும் வேதாகமத்தில் சொல்லப்பட்டதல்லவே! பனி விழும் தேசத்தில் செங்குத்தான கூரைக்கு வேலை உண்டு. சித்திரை வெயிலில் வேகும் நம் பக்கத்துக்கு நிழல்தான் முதல் தேவை. மண்டபம் காற்றையும் நிழலையும் சுவர் வைக்காமலே தருகிறது.

அதற்காகக் கோபுரத்தை நகலெடுக்கவும் வேண்டாம். கோயில் கட்டுமானத்தில் உயர்ந்த அடித்தளமும் படிகளும் வாசற்படியும் உண்டு. எண்பது வயதுத் தாயாரின் முழங்காலுக்கு அவை ஆகாது. இடுப்பு எலும்பு முறிந்து நம் வார்டில் படுத்திருக்கும் முதியோர் பலர் வீட்டுக்குள்ளேயே விழுந்தவர்கள். ஆகவே நாம் கேட்பது இவைதான்: படியில்லாத தரை, சக்கர நாற்காலி திரும்பும் அகலமான தாழ்வாரம், பிடித்து நடக்கச் சுவரோரம் கைப்பிடி, நடுவே முற்றம், நம் மாவட்டத்துக் கருங்கல் தூண்கள். தெருவைப் பார்த்த திண்ணையும் அவசியம். போகிறவர் வருகிறவரிடம் “எந்த ஊருப்பா?” என்று கேட்க முடியாத இடத்தில் நம் தாத்தாக்கள் ஒரு வாரம் தங்கமாட்டார்கள்.

கல் தூணுக்குச் செலவு கூடும். கான்கிரீட் தூண் போட்டால் அந்தப் பணத்தில் கட்டில்கள் வாங்கலாம் என்கிறார் நம் பொருளாளர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முற்றத்தையும் தாழ்வாரத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டோம். தூணைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். இரண்டு வரைபடங்களும் பின்னாலுள்ள மேசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தேநீர் வேளையில் பார்த்து, உங்கள் கருத்தை அங்குள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போகும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.