பெயர் தெரிந்தால்தான் வைத்தியம்



நாவுல ஓடைகளில் நாம் துரத்திய நீர்வண்டுகள் நினைவிருக்கிறதா? இறக்கை மூடிக்கடியில் காற்றை அடக்கிக்கொண்டு மூழ்கும். அவற்றில் ஒன்றைப் புதிய இனமென்று சொல்ல, ஆண்வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அறிந்த இனங்களோடு ஒப்பிட்டு, மாதிரியை அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டும். வேறுபாட்டை எழுதும் பகுதிக்குப் பெயர் 'டயக்னோசிஸ்'. வைத்தியர்களாகிய நாங்கள் நோயை இனங்காண்பதற்கும் அதே சொல்தான்.

பக்கத்து நக்கிள்ஸ் மலையின் ஈரப்பாறைத் தவளை ஒன்றுக்குக் கீர்த்திசிங்க 1946இல்தான் பெயரிட்டார். பெயரில்லாத உயிர் பொதுவாக ஆபத்துப் பட்டியலில் ஏறாது. ஓடை வற்றினாலும் அதற்காக வழக்காட ஆளில்லை.

நூற்றாண்டுப் பரிசாக நம் பிள்ளைகளுக்கு நல்ல நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கிக் கொடுப்போம். ஓடைக்கரைக்கு நாமே கூட்டிப்போவோம்.