குடியும் குடும்பமும் இளைஞர் குணமும்



வெள்ளி விழா மேடையில் பேசத் தகாததெனச் சிலர் கருதக்கூடிய ஒன்றையே நாம் இன்று பேச விழைகிறோம். நம் இல்லங்களில் புகுந்த குடியையும், அவ்வில்லங்களில் வளர்ந்த பிள்ளைகளின் குணத்தையும் பற்றியதே இவ்வுரை. நம்முள் பலர் அத்தகைய இல்லங்களில் வளர்ந்தவர்களே. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

குடிப்பவரின் வீட்டில் குழந்தை ஏட்டுக் கல்விக்கு முன்பே வேறொரு பாடம் கற்கிறது. வாசலில் கேட்கும் காலடி ஓசையைக் கொண்டே தந்தையின் நிலையை அறிகிறது. வெளியாரிடம் வாய் திறவாதிருக்கப் பழகுகிறது. மூத்த மகள் பத்து வயதிலேயே தம்பி தங்கையர்க்குத் தாயாகிறாள். வளர்ந்த பின் இவையே குணங்களாகத் தோன்றுகின்றன: எவரையும் நம்பாமை, சிறு சொல்லுக்கும் பதறுதல், அடக்கவியலாச் சினம், எல்லாச் சுமையையும் தன் தலைமேல் ஏற்றிக்கொள்ளல். எல்லாரும் ஒரே வார்ப்பாக அமைவதில்லை. ஆயினும் இவை பிறவிக் குணங்கள் அல்ல, தற்காப்புக்காகக் கற்றவை. கற்றதை மாற்றிக் கற்க முடியும்.

அவ்வாறாயின் குருதிவழி வருவது ஒன்றுமில்லையா? உண்டு. குடிநோயுற்ற பெற்றோருக்குப் பிறந்து, சில வாரங்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட 55 ஆண் மக்களை டென்மார்க் நாட்டில் ஆய்ந்து, குட்வின் என்னும் மருத்துவரும் துணைவர்களும் 1973-இல் முடிவை வெளியிட்டனர். பிற தத்துப் பிள்ளைகளைவிட இவர்களிடம் குடிநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுந்திருந்தது. ஆனால் சராசரி முப்பது வயதில் அந்நோய்க்கு ஆளானோர் நூற்றுக்கு 18 பேரே! ஐவரில் நால்வர் தப்பினர். ஆகவே அது எச்சரிக்கை, தலைவிதியன்று.

ஹவாயின் கவாய்த் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் அம்மையார் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார். குடிநோயுற்றோரின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பதினெட்டு வயதில் பெருங்கோளாறின்றி வளர்ந்திருந்தனர். இடர்மிகு சூழலிலும் நன்கு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரிதும் துணைநின்றது, அன்பும் உறுதியும் உடைய ஒரு பெரியவரே: பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ.

நம் தெருவாரைக் குடிப்பிறவிகள் எனப் பழிப்போர் இதனை அறிய வேண்டும். குடிநோய் டென்மார்க்கிலும் உண்டு, ஹவாயிலும் உண்டு, அதற்குச் சாதியில்லை. நம் பிள்ளைகளோ தந்தையின் குடியால் வரும் நாணத்தோடு, ஊர் சுமத்திய அப்பழியையும் சேர்த்துச் சுமக்கின்றனர். 1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. அவ்வுறுதி மக்களை இழித்துக் கூறியதன்று. தம்மைத் தாமே ஆளவல்லார் என மதித்துக் கேட்டது.

இளைஞர்களே! குடும்பத்தில் குடிநோய் உடையோர்க்கு முதற் கோப்பையைத் தொடாமையே சிறந்த காப்பு. பிறர் தள்ளாடும் அளவைக் குடித்தும் தள்ளாடாதிருத்தல் வீரமன்று. அதுவே பிற்கால நோய்க்கு அறிகுறியாகலாம். நாட்பட்ட குடியர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். எனவே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியோர்களே! நம் விடுதியிலும் மாலை வகுப்பிலும் மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு பெரியவராக நாம் அமைவோம். குடிகாரர் பிள்ளை என்று எவரையும் அழையாதிருப்போம். கல்வி தரும் கழகம் செய்ய வேண்டிய கல்வி இதுவுமாகும்.