சிவப்பைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள்



சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்றதும் பலரும் கேட்பது, "அது கிருமியால் வருமா, டாக்டர்?" என்றுதான். நியாயமான கேள்வி. பதிலுக்கு முதலில் செல்லுக்குள் எட்டிப் பார்ப்போம்.

நம் செல்களுக்குள் கட்டி வளராமல் தடுக்கும் மரபணுக்கள் உண்டு. அவற்றில் பெரிய காவலர்கள் இருவர்: பி53, ஆர்பி. டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 செல்லைப் பெருகவிடாது. பழுதுபார்க்க வழியில்லை என்றால் அந்தச் செல்லையே சாகடித்துவிடும். ஆர்பியோ, நேரம் வராமல் எந்தச் செல்லையும் இரண்டாகப் பிரியவிடாது.

இந்த பி53ஐ நமக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு வைரஸ்தான்! 1979இல் டேவிட் லேன், ஆர்னால்ட் லெவின் போன்றோர் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸை ஆராய்ந்தார்கள். அதன் டி-புரதத்தைப் பிரித்தெடுத்தபோதெல்லாம் கூடவே இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் பி53. பத்தாண்டு காலம் அதைப் புற்றை வளர்ப்பது என்றே எண்ணினார்கள். புற்றைத் தடுப்பது என்று 1989இல்தான் தெளிந்தது.

அந்த எஸ்வி40க்கு மனித உடம்பில் ஓர் உறவு இருக்கிறது, பிகே வைரஸ். 1971இல் லண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டார்கள். நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் கிடப்பது அது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் போல, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டாக வேண்டியவர்களிடம் விழித்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வந்த சில சிறுநீர்ப்பைக் கட்டிகளைச் சோதித்தபோது, வைரஸின் டிஎன்ஏ செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிக் கிடந்தது. கட்டியின் செல்கள் நிறைய அந்த வைரஸின் டி-புரதம். ஒட்டியிருந்த நல்ல திசுவில் அது இல்லை. பி53, ஆர்பி இரண்டையும் பிடித்து முடக்குவது அந்த டி-புரதம்தான்.

ஆனாலும் பதற வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிகே வைரஸை, 'புற்றை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவியும் இதே இரு காவலர்களைத்தான் வீழ்த்துகிறது. ஆனால் சிறுநீர்ப்பையில் எச்பிவியின் பங்கு இன்னும் உறுதியாகவில்லை.

உறுதியான எதிரி யார் தெரியுமா? பீடியும் சிகரெட்டும். புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு வந்து, மணிக்கணக்கில் அங்கேயே தேங்குகிறது. வைரஸ், காவலரின் புரதத்தை முடக்கும். புகை மரபணுவையே சிதைக்கும். தசை வரை ஊடுருவிவிட்ட சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணு பழுதாகியிருக்கிறது. வைரஸுக்குப் பயப்படுகிறவர் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருக்கலாமா?

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். டாக்டர் சொல்லும் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: சிறுநீர் ஒரே ஒரு முறை சிவந்து போனாலும், வலியே இல்லாவிட்டாலும், 'சூட்டினால் வந்தது' என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள்; அது இந்தப் புற்றின் அறிகுறியாக இருக்கலாம். அந்த வாரமே யூராலஜி டாக்டரைப் போய்ப் பாருங்கள்.