கேட்ட பிறகு சொல்லுங்கள்

நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், ஜெஸ்ஸி பிராண்ட் என்ற பாதிரியார் மனைவி ஈவ்லினோடு குடியிருந்தார். அந்நாளில் மலைமக்களின் காலில் நரம்புச் சிலந்திப் புழு தலைகாட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அவர் அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுப்பார்.

1929-இல் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. ஈவ்லினோ முதுமையிலும் மட்டக்குதிரை ஏறி, ஊர் ஊராக மருந்தோடு போனார். 1974-இல், 95 வயதில் மறைந்தார்.

விசுவாசத்தை எப்படிப் பகிர்வது என்று யோசிக்கும் கிறிஸ்தவ அன்பர்களே! இந்தத் தம்பதியைப் போல உதவியில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சலா? ஒரு தூக்கில் நொய்க்கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். "உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள், சுருக்கமாக. கஞ்சி ஆறிவிடக் கூடாது, பாருங்கள்!